கட்டம் போட்ட வரி

எங்கள் அச்சகத்தில் அக்காவுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, யாரும் படிக்காமல் கசக்கிப் போடுவது, அதை அச்சடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. மருந்துக் கம்பெனி அனுப்பும் மூலத்தை நான் சத்தமாக வாசிப்பேன். எதிரில் உட்கார்ந்து அக்கா அச்சுப்படியின் மேல் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவாள். இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே இரண்டு நாற்காலி. என் நாற்காலிக்கு மட்டும் ஒரு கால் ஆடும்.

ஆங்கிலத்தில் வாசிக்கிறேன் என்றதும் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைத்துவிட வேண்டாம். எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தாக, கமா, புல்ஸ்டாப் உட்பட ஒன்று விடாமல் ஒப்பிப்பேன். அக்காவும் அப்படியே. அவள் பத்தாவது, நான் எட்டாவது. அர்த்தம் தெரிந்த ஆளை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது என்பது எங்கள் முதலாளியின் கொள்கை. அர்த்தம் தெரிந்தவன், தப்பாக இருந்தாலும் மனசுக்குள் சரியாகப் படித்துவிட்டுப் போய்விடுவானாம். தெரியாதவன்தான் ஓர் எழுத்து குறைந்தாலும் முட்டிக்கொண்டு நிற்பானாம். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் அவர் சொன்னது பொய்யில்லை. ஐந்து மில்லிகிராம் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது என்று வந்ததை ஒரு தரம் அக்காதான் பிடித்தாள். அன்றைக்கு முதலாளி தானே எழுந்து வந்து அவளுக்கு டீ கொடுத்தார். அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள் எங்கள் அச்சகத்தில் வேறு யாரும் கிடையாது.

அக்காவின் வீட்டுக்காரர் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறவர். எனக்கு மாமா. என்னைப் பார்த்தால் "வா மச்சினி, உங்க அக்கா இன்னைக்கு எத்தனை கமாவைக் கொன்னா?" என்பார். கலகலப்பான மனிதர், கை நீட்டும் பழக்கம் கிடையாது. ஆனால் குடிப்பார். சம்பள நாள், சம்பளம் இல்லாத நாள், மழை பெய்தால், பெய்யாவிட்டால் என்று அவருக்குக் காரணத்துக்குப் பஞ்சமே வந்ததில்லை.

அக்கா பயந்தது அவருக்கு இல்லை, அந்தக் கிரேன் கொக்கிக்கு. நாற்பதடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் அவர். கீழே கம்பிக் கயிற்றில் நாலு டன் பெட்டி, அதற்கும் கீழே மனிதர்கள். முந்தின நாள் போதை முழுசாக இறங்காமல் அவர் ஏணி ஏறினால் என்ன ஆகும்? இந்த ஒரு கேள்வியை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் அவள் தினமும் வேலைக்கு வருவாள். காலை எட்டு மணிக்குக் கூண்டில் உட்கார்ந்ததும் அவர் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். எட்டு ஐந்து ஆகிவிட்டால் அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். எட்டு பத்துக்கு முகத்தில் ஈயாடாது. போன் அடித்த பிறகுதான் "ம், படி" என்பாள். அவளுக்கு இரத்த அழுத்தம் வந்ததும் முப்பத்தைந்து வயதில் முடி நரைத்ததும் இதனால்தான். வேறு எதனால் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இப்போது எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்த சொல்லுக்கு வருகிறேன். டிட்டரென்ட். எங்களிடம் மருந்துக் காகிதம் தவிர டப்பாக்களில் ஒட்டும் லேபிளும் வரும். ஜன்னலில் புறா உட்காராமல் இருக்கத் தடவும் பசை ஒன்று, அதில் அந்தச் சொல் கொட்டை எழுத்தில் இருந்தது. பிறகு வாசலில் நாய் அசிங்கம் பண்ணாமல் இருக்க அடிக்கும் ஸ்பிரே, அதிலும் இருந்தது. அதற்கப்புறம் ஒரு மாத்திரைக் காகிதம் வந்தது. அதே சொல்தான். அதற்கு முன்னால் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையை எந்த மொழியில் எழுதினாலும் அக்காவுக்குத் தெரியும்.

"ஏய், இந்த வார்த்தை புறா டப்பாவுல வந்துச்சுல்ல?" என்று கேட்டாள்.

"ஆமா. நாய் ஸ்பிரேயிலயும் வந்துச்சு."

"புறா டப்பாவுல என்ன படம் போட்டிருந்தான்?"

"புறா வந்த வழியே திரும்பிப் பறக்குது."

"நாய்?"

"வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடுது."

அக்கா பென்சில் முனையால் அந்தச் சொல்லைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப இதைச் சாப்பிட்டா..."

"பாட்டிலைக் கண்டாலே மாமா திரும்பி நடையைக் கட்டிருவாரு" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. இந்த நாக்குதான் சொன்னது. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மருந்துக் கடைக்காரர் தெரிந்தவர். டாக்டர் சீட்டு வேண்டும் என்று முதலில் கொஞ்சம் இழுத்தார், அப்புறம் எடுத்துக் கொடுத்துவிட்டார். "நிறைய பொம்பளைங்க வாங்கிட்டுப் போறாங்கம்மா. கூட இருக்கிற பேப்பரைப் படிச்சுக்குங்க" என்றார். "பேப்பரா? அது எங்ககிட்டயே கட்டுக் கட்டா கிடக்குதுங்க" என்று நான் சொல்ல, மூன்று பேரும் சிரித்தோம். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திங்கட்கிழமை காலையிலிருந்து மாமாவின் காபியில் ஒரு மாத்திரை. அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. சொன்னால் குடிப்பாரா? புறாவிடம் கேட்டுக்கொண்டா பசை தடவுகிறார்கள்? அதுதான் எங்கள் ஞாயம்.

அதிசயம் பாருங்கள், திங்கட்கிழமையே மாமா நேராக வீட்டுக்கு வந்தார். செவ்வாயும் வந்தார். வெள்ளிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்தார். இரண்டாவது வாரம் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாராம். மிஸ்டு கால் எட்டு மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னாலேயே வர ஆரம்பித்தது. அக்கா மதியச் சாப்பாட்டின் போது சிரித்துப் பேசினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எட்டாவது படித்தவள் ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா.

பதினெட்டாம் நாள் காலையில் அக்கா கொஞ்சம் அலங்காரமாக வந்திருந்தாள். யார்டில் ஒரு மூத்த கிரேன்காரர் ஓய்வு பெறுகிறாராம், தொழிற்சங்கக் கட்டடத்தில் மதியம் விருந்தாம், யார்டுக்கு அரை நாள் லீவாம்.

"முன்னெல்லாம் விருந்துன்னு கேட்டாலே எனக்கு ஜுரம் வந்துரும். இன்னைக்கு நானே சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து அனுப்பினேன்" என்றாள். பிறகு குனிந்து ரகசியமாக, "எதுக்கும் இருக்கட்டும்னு இன்னைக்கு ரெண்டு மாத்திரையாப் போட்டுட்டேன்" என்றாள்.

"கெட்டிக்காரிக்கா நீ" என்றேன்.

பதினொன்றரை மணிக்கு முதலாளி ஒரு புது மூலத்தைக் கொண்டுவந்து வைத்தார். இனிமேல் மருந்துக் காகிதம் தமிழிலும் வர வேண்டும் என்று உத்தரவாம். முதல் கட்டில் நாலு மருந்து. மூன்றாவது அதுதான். மேலே பெயரைப் பார்த்ததும் நான் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே பென்சிலைக் கூராக்கினாள். நான் வழக்கம் போல ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தேன்.

"இம்மருந்து குடிப்பழக்கத்தைக் குணப்படுத்தாது புல்ஸ்டாப். குடிக்கும் ஆசையைக் குறைக்காது புல்ஸ்டாப். குடித்தால் கடும் தீங்கு நேரும் என்று நோயாளி அறிந்திருப்பதால் கமா அந்த அச்சமே அவரைக் குடியிலிருந்து தடுக்கிறது புல்ஸ்டாப். கட்டம் ஆரம்பம் தடித்த எழுத்து. நோயாளிக்குத் தெரியாமல் இம்மருந்தை ஒருபோதும் கொடுக்கக் கூடாது புல்ஸ்டாப். மருந்து உடலில் இருக்கும்போது மது அருந்தினால் சில நிமிடங்களில் முகம் சிவத்தல் கமா நெஞ்சு படபடப்பு கமா மூச்சுத் திணறல் கமா இரத்த அழுத்தம் சரிதல் கமா சிலருக்கு மரணம்..."

வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், லேசில் நிற்குமா? எதிரில் பென்சில் ஓடும் சத்தம் கேட்காததால்தான் நிமிர்ந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டில் ரத்த ஓட்டமே இல்லை.

"திரும்பப் படி" என்றாள்.

"அக்கா..."

"அந்தக் கட்டத்தைத் திரும்பப் படிடி."

படித்தேன். இந்த முறை புல்ஸ்டாப் சொல்லவில்லை. அந்தக் கட்டம் எங்களுக்குப் புதிதே இல்லை. ஆங்கிலத்தில் அதை எத்தனை தரம் ஒப்பித்திருப்பேன்! நாலு பக்கமும் கோடு நேராக இருக்கிறதா என்று அக்கா அளவுகோல் வைத்துப் பார்த்திருக்கிறாள். ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பார்த்திருக்கிறாள். அதற்குள் இருந்தது இதுதானா?

அக்கா போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். நாலாவது தரம் விரல் வழுக்கிப் போன் மேஜைக்கு அடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். முதலாளியிடம் என்ன சொன்னோம், சொன்னோமா என்பதே ஞாபகமில்லை. தெருமுனையில் ஒரு வாடகைக் கார் நின்றது. ஏறிவிட்டோம். மணி பன்னிரண்டு ஐந்து. விருந்து பன்னிரண்டுக்கு.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே, உசிர் போற விஷயம்" என்றேன்.

"சிக்னல்ல நான் பறக்கவாம்மா முடியும்?" என்றார் டிரைவர்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"புறா பார்க்குதுடி" என்றாள் திடீரென்று.

"என்னக்கா?"

"புறா அந்தப் பசையைப் பார்க்குது. காலை வைக்குது, பிடிக்கல, திரும்பிப் போகுது. நாய் மோந்து பார்க்குது. அதுங்களுக்குத் தெரியுது. தெரிஞ்சுதான் பயந்து திரும்புதுங்க. இந்த மனுஷனுக்கு நான் என்னத்தைக் காட்டினேன்? ஒண்ணுமே காட்டலயே. குழி வெட்டி மூடி வச்சிட்டு, வாங்கன்னு இஸ்திரிச் சட்டை போட்டு அனுப்பியிருக்கேனே!"

அவள் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. கொலைகாரி என்ற சொல் என் தலைக்குள் சுற்றியது. அது அவளைப் பற்றி அல்ல. எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன், பேர் தெரியாததையும் சேர்த்து.

சங்கக் கட்டடத்தின் மாடியில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. போன் அடித்தால் எங்கே கேட்கும்? படியை இரண்டிரண்டாகத் தாண்டினோம். நீளமான ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், நூறு பேராவது இருப்பார்கள். மாமா கடைசி மேஜையில் இருந்தார். கையில் கிளாஸ். அதில் பாதிதான் மிச்சம்.

முகம் நெற்றியிலிருந்து கழுத்துவரை சிவந்து கிடந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு வாரமா சாமியாரா இருந்துட்டு அரை கிளாசுக்கே சிவந்துட்டாரு பாரு!" என்று ஒருவர் அவர் முதுகைத் தட்டினார். மாமாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க! கீழே வைங்க!"

அக்கா கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். அவள் போய் அந்தக் கிளாஸைப் பிடுங்கித் தரையில் வைத்தாள்.

"குடிக்காதீங்க. காபில மாத்திரை போட்டேங்க. பதினெட்டு நாளா போடறேன். குடிச்சா உசிருக்கு ஆபத்துங்க."

நூறு பேர் நடுவில் சொன்னாள். மாமா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் எழுதிக் காட்ட மாட்டேன். "என்ன மாத்திரை?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நொடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் சரிந்தார். வாந்தி எடுத்தார். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்க, எங்கள் வாடகைக் கார் வாசலிலேயே நின்றது. அந்த டிரைவர் புண்ணியவான். இந்தத் தடவை நிஜமாகவே பறந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. என்ன சாப்பிட்டார் என்று கேட்டதும் அக்காதான் சொன்னாள். மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள், கடைசியாகக் கொடுத்தது காலை ஆறரை மணி என்று அடுக்கினாள்.

"தினமும் ஒண்ணா?"

"ஒண்ணு. இன்னைக்கு மட்டும் ரெண்டு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். "அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. அடுத்த மூணு மணி நேரத்தைத் தாண்டணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அந்த மூன்று மணி நேரத்தை எப்படிச் சொல்வது? கதவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியாக மாமாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு காலில் இன்னும் காலுறை. அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு முறை உள்ளே ஏதோ கருவி விடாமல் கத்தியது, இரண்டு நர்ஸுகள் ஓடினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அசையுது, கால் அசையுது" என்று அக்கா சொன்ன பிறகுதான் திறந்தேன்.

"நான்தான்க்கா உன்னைக் கெடுத்தேன். என் வாயிதான்" என்றேன்.

"வாய் உன்னுது. கை என்னுது" என்றாள்.

நாலரை மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தார். "பிரஷர் ஏறிடுச்சு. தப்பிச்சிட்டார்" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். "ஆனா மருந்து உடம்புல ரெண்டு வாரம் இருக்கும். ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது. இருமல் மருந்துகூட என்னைக் கேட்காம கொடுக்காதீங்க. இனிமே அவருக்கு எதைக் கொடுத்தாலும் அவர்கிட்ட சொல்லிட்டுக் கொடுங்க" என்றார்.

உள்ளே போனோம். மாமா வெளிறிப் போயிருந்தார். அக்கா கட்டிலுக்கு இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். கிட்டே போக அவளுக்குப் பயம். அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு மெதுவாகப் பேசினார்.

"போன மாசம் கடைசி வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல கூப்பிட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க. இன்னொரு தடவை வாசனை வந்தா வேலை இல்லைன்னு. அன்னைக்கே விட்டுட்டேன்."

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. வெள்ளிக்கிழமை. நாங்கள் ஆரம்பித்தது அதற்கடுத்த திங்கள். இடையிலிருந்த சனி, ஞாயிறு மாத்திரை வாங்குகிற அவசரத்தில் அவரை நாங்கள் கவனிக்கவே இல்லை.

"ஏங்க என்கிட்ட சொல்லல?"

"எத்தனை தடவை சொல்லிட்டு மீறியிருக்கேன்? இந்தத் தடவை சொல்லாம செஞ்சு காட்டலாம்னு இருந்தேன். ஒரு மாசம் முடியட்டும், சொல்லலாம்னு..." மூச்சு வாங்கியது. நிறுத்திக்கொண்டார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். "இப்ப நீ சொல்லு. இத்தனை நாள் குடிக்காம இருந்தது நானா, உன் மாத்திரையா?"

அந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் கை போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. என்ன பதில் வருமோ என்று அந்தப் பெரிய மனிதர் காத்துக்கிடந்ததை நான் பார்த்தேன்.

அக்கா கிட்டே போனாள். "நீங்கதாங்க. அந்த மருந்துக்கு ஆசையைக் குறைக்கிற சக்தி கிடையாதாம். தெரிஞ்சு சாப்பிடறவங்களைப் பயமுறுத்தி நிறுத்துமாம், அவ்வளவுதான். உங்களுக்குத்தான் தெரியவே தெரியாதே. அப்புறம் அது எப்படி நிறுத்தும்? ஒரு நாள்கூட அது செய்யல. முழுக்க நீங்கதான்."

மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. துடைக்கவில்லை.

"அப்ப இன்னைக்குக் குடிச்சதும் நான்தான்" என்றார்.

அக்கா ஆக்சிஜன் மாஸ்க்கை அவர் முகத்தில் வைக்கப் போனாள், அவர் கையால் விலக்கினார்.

"ஒரே ஒரு கிளாஸ்னாங்க. வேணாம்னேன். மறுபடி சொன்னாங்க, வாங்கிட்டேன். அவ்வளவு சுலபமா வாங்கிட்டேன்." போர்வையை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார். "எனக்குப் பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. நாற்பதடி ஏணியில் ஒற்றைக் கையால் ஏறுகிற மனிதர்.

"எனக்கும்தாங்க" என்றாள் அக்கா. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.